தாளில் இருக்கும் பயிற்சி நாளில் ஏன் இல்லை? மூட்டுவலிக்காரர்களும் தொடர் பயிற்சியும்

பாலக்கோட்டை அடுத்த ஒரு கிராமத்தில் வசிக்கும் என் பெரியம்மாவின் வீட்டில், பிரஷர் மாத்திரை போட்டு வைக்கும் துணிக்கடைப் பைக்குள் நான்காக மடித்த தாள் ஒன்று இரண்டு ஆண்டுகளாகக் கிடந்தது. முழங்கால் வலிக்காகப் போன இடத்தில் கொடுத்த தாள் அது. கோட்டு உருவங்களாக ஆறு பயிற்சிகள். ஒவ்வொன்றின் கீழும் '10 முறை, 3 வேளை' என்ற குறிப்பு. மடிப்பு விழுந்த இடத்தில் நான்காவது உருவத்தின் கால் அழிந்தே போயிருந்தது. ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் சுருக்கமானது: "பத்துப் பாஞ்சு நாள் செஞ்சேன்பா. அப்புறம் புளி வந்துடுச்சு."

தருமபுரி மாவட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த விடையை விளக்க வேண்டியதில்லை. தை பிறந்து புளி உலுக்கத் தொடங்கினால், ஓடு உடைத்துக் கொட்டை எடுக்கும் வேலை வீடு தேடி வரும். காலை மடக்கித் தரையில் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை எழுந்திருக்க முடியாது. கூலி கிலோக் கணக்கில் என்பதால், நடுவில் எழுந்து காலை நீட்டி மடக்கும் ஒவ்வொரு நிமிடமும் காசாகவே தெரியும். மூட்டுவலிக்குப் பயிற்சி சொல்லிக்கொடுப்பவர்கள் 'நோயாளிகள் தொடர்ந்து செய்வதில்லை' என்று குறைப்பட்டுக்கொள்வது உலகெங்கும் உண்டு. ஆனால் அந்தக் குறையைச் சோம்பல் என்ற ஒரே சொல்லில் அடைத்துவிட்டால், தொடர்ந்து செய்ய வைக்கும் வழியும் அதோடு அடைபட்டுப்போகும். பெரும்பாலும் கோளாறு மனத்திலில்லை. பயிற்சிக்கு அந்த வீட்டின் அன்றாடத்தில் யாரும் இடம் ஒதுக்கித் தராததில்தான் இருக்கிறது.

தொடர்வது ஏன் இத்தனை முக்கியம் என்பதை முதலில் பார்த்துவிடலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் உலகில் ஏறத்தாழ 52.8 கோடிப் பேருக்கு மூட்டுத் தேய்மானம் இருந்தது. அவர்களில் சுமார் 60 விழுக்காட்டினர் பெண்கள். இந்தியாவில் ஐந்து இடங்களில் நடந்து 2016இல் வெளியான ஆய்வு ஒன்றில், சோதிக்கப்பட்டவர்களில் 28.7 விழுக்காட்டினருக்கு முழங்கால் தேய்மானம் காணப்பட்டது. இதற்கான சிகிச்சையில் பயிற்சியையும் எடைக் கட்டுப்பாட்டையும் முதல் வரிசையில் வைக்க வேண்டும் என்பதில் அமெரிக்க மூட்டுநோய்க் கல்லூரியின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டியும் இங்கிலாந்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டியும் ஒத்துப்போகின்றன. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் கூட்டமைப்பு 2015இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, வலியை 0 முதல் 100 வரையிலான அளவுகோலில் வைத்துப் பார்த்தபோது, பயிற்சி செய்தவர்களுக்குச் செய்யாதவர்களைக் காட்டிலும் சுமார் 12 புள்ளிகள் வலி குறைந்திருந்ததைக் காட்டியது. பயிற்சித் திட்டம் முடிந்து இரண்டு முதல் ஆறு மாதங்கள் கழித்துப் பார்த்தால் அந்த 12 ஏறக்குறைய 6 ஆகிவிட்டிருந்தது. பலன் மிகப் பெரியது என்று சொல்ல முடியாது. இருக்கும் பலனும் செய்துகொண்டிருக்கும்வரைதான் முழுமையாக நிற்கிறது. ஒரு மாதம் செய்து முடித்துவிட்டுக் குணமாகிவிட்டது என்று எழுந்துவிடக்கூடிய வைத்தியமன்று இது. சர்க்கரை மாத்திரையைப் போல நாள்தோறும் கூடவே வரவேண்டியது.

இப்படிக் கூடவே வரவேண்டிய ஒன்றை முதல் படியிலேயே தடுத்து நிறுத்துவது, நாம் நோய்க்கு வைத்திருக்கும் பெயர் என்பது என் எண்ணம். தேய்மானம் என்ற சொல் டிராக்டர் டயருக்கும், போர்வெல் மோட்டாரின் பேரிங்குக்கும், செருப்பின் குதிகாலுக்கும் நாம் பயன்படுத்துவது. தேய்கிற பொருளை எவ்வளவு குறைவாகப் பயன்படுத்துகிறோமோ அவ்வளவு நாள் உழைக்கும் என்பது அனைவரும் அறிந்த கணக்கு. "ஜவ்வு தேய்ஞ்சு போச்சு" என்று எக்ஸ்ரேயைத் தூக்கிக் காட்டிச் சொல்லிவிட்டு, அதே மூச்சில் காலை நீட்டி மடக்கச் சொன்னால், கேட்பவர் இரண்டில் ஒன்றைத்தான் நம்புவார். நம்புவது எதை என்று சொல்லவும் வேண்டுமோ?

உண்மையில், ஜவ்வு என்று நாம் சொல்லும் குருத்தெலும்பு டயர் போன்றதன்று. அதற்குள் ரத்தக் குழாய் கிடையாது. தனக்கு வேண்டிய சத்தை மூட்டுக்குள் இருக்கும் வழுவழுப்பான நீரிலிருந்தே அது எடுத்துக்கொள்கிறது. எடை விழும்போது அமுங்கி, எடை விலகும்போது விரிந்து, அந்த நீரை வெளிவிட்டும் உள்வாங்கியும் பிழைக்கிறது. மூட்டை அசைக்காமலே வைத்திருந்தால் அந்த ஓட்டம் மந்தப்படும். அதோடு தொடையின் முன்பக்கத் தசை மெலியும். முழங்காலுக்கு வரும் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்வதில் பெரும் பங்கு அந்தத் தசைக்குத்தான். அது மெலிந்தால் ஒவ்வோர் அடியின் அதிர்ச்சியும் மூட்டின்மேலேயே இறங்கும், வலி கூடும், வலிக்கிறதே என்று காலை மேலும் அசைக்காமல் வைப்பார்கள், தசை இன்னும் மெலியும். இந்தச் சுழலைத் தசை இருக்கும் பக்கமிருந்து அறுப்பதுதான் பயிற்சி செய்யும் வேலை. குருத்தெலும்பைப் புதிதாக முளைக்க வைப்பதாக அது வாக்குக் கொடுப்பதில்லை. சொல்லிக்கொடுப்பவர் இந்த ஒரு செய்தியை ஐந்து நிமிடம் உட்கார்ந்து விளக்கினால், ஆறு படங்கள் போட்ட தாளைவிட அதிகம் பயன்படும்.

எக்ஸ்ரேயைப் பற்றியும் ஒரு வார்த்தை. கெல்கிரன், லாரன்ஸ் என்ற இருவர் 1957இல் வகுத்த 0 முதல் 4 வரையிலான படிநிலைதான் இன்றும் முழங்கால் எக்ஸ்ரேயைப் படிக்கப் பயன்படுகிறது. மூன்றாம் நிலை என்று எழுதப்பட்டவர் தோட்டத்துக்குப் போய்வருவதும், முதல் நிலைக்காரர் படியேற முடியாமல் தவிப்பதும் அன்றாடம் காணக்கூடியவை. படத்தின் நிலையும் வலியின் அளவும் கைகோத்துச் செல்வதில்லை. ஆகவே 'மூணாவது ஸ்டேஜ் ஆயிடுச்சு, இனிமே பயிற்சி செஞ்சு என்ன' என்று கைவிடுவதற்குப் படம் ஆதாரமாகாது.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இருக்கும் இன்னொரு தடை தண்ணீர். இங்குள்ள நிலத்தடி நீரில் பல ஊர்களில் புளோரைடு மிகுதி. குடிநீரில் அது லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு நீருக்கு வழியில்லாத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. பல்லாண்டுகள் அதற்கு மேல் குடித்தவர்களுக்குப் பல்லில் கறை விழுவதோடு, எலும்பிலும் தசைநார்களிலும் புளோரைடு படிந்து முதுகும் மூட்டுகளும் விறைத்துப்போவதுண்டு. ஜப்பானிய நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டு 2013இல் தொடங்கிவைக்கப்பட்டதற்கு இதுவே காரணம். அந்தத் திட்டத்தின் முழுப்பெயரிலேயே புளோரோசிஸ் தணிப்பு என்ற சொல் இருக்கிறது. இதன் விளைவாக, எந்த வலி வந்தாலும் "நம்ம ஊர் தண்ணி அப்படி" என்று முடித்துவிடும் பழக்கம் ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் ஆழமாக ஊறிப்போயிருக்கிறது. காரணம் தண்ணீர் என்று தீர்மானித்துவிட்ட ஒருவரிடம் தொடைத் தசையைப் பற்றிப் பேசினால், அவர் மரியாதைக்குத் தலையாட்டுவார், அவ்வளவுதான். புளோரோசிஸ் உண்மையிலேயே இருந்தால் நீரை மாற்றுவதுதான் அடிப்படை, அதற்கான பரிசோதனையும் தனி. ஆனால் முழங்காலில் மட்டும், அதுவும் படியேறும்போதும் உட்கார்ந்து எழும்போதும் வலிக்கிறவர்களில் பலருக்கு இருப்பது உலகம் முழுவதும் இருக்கும் அதே தேய்மானம்தான். எது எது என்று மருத்துவரிடம் ஒருமுறை பிரித்துத் தெரிந்துகொள்வது, பின்னால் பயிற்சியில் நிலைக்க உதவும்.

அடுத்து வருவது, யாரும் எளிதில் மறுக்க முடியாத கேள்வி: காலையிலிருந்து மாடு, கொல்லை, நூறு நாள் வேலை என்று அலைகிறவருக்குத் தனியாக எதற்குப் பயிற்சி? இதைக் கேட்பவரை ஏளனம் செய்வதில் பொருளில்லை. அவர் உடல் உழைப்பது உண்மை. ஆனால் களை பறிப்பதும், பூப் பறிப்பதும், புளி உடைப்பதும் மூட்டை ஒரே நிலையில் மணிக்கணக்கில் மடக்கி வைப்பவை. குந்தி உட்காரும்போது முழங்கால் தாங்கும் அழுத்தம் நடக்கும்போது தாங்குவதைவிடப் பல மடங்கு. அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது உழைக்கிற தசைகளே மீண்டும் உழைக்கின்றன. காலை நேராக நீட்டி நிறுத்தும் தொடை முன்தசைக்கு முழு வேலை கிடைப்பதில்லை. நாள் முழுக்க நின்று சமைத்தவர் சாப்பிட்டவராகிவிட மாட்டார் அல்லவா? உழைப்பு மூட்டிடமிருந்து வாங்கிக்கொள்வதைத் திருப்பிக் கொடுக்கவே பயிற்சி என்று சொன்னால் பெரும்பாலோருக்குப் புரிகிறது. வேலை செய்யாதீர்கள் என்று சொல்வதைவிட, புளி உடைக்கும்போது பலகையோ முக்காலியோ போட்டு உயரமாக உட்காருங்கள், அரை மணிக்கு ஒருமுறை காலை நீட்டுங்கள் என்று சொல்வது நடக்கக்கூடிய அறிவுரை.

இனி எப்படி நிலைக்க வைப்பது என்ற கேள்விக்கு வருவோம். மாட்டை ஓரிடத்தில் நிறுத்த வேண்டுமானால் முளை அடித்துக் கட்டுவோம். பயிற்சிக்கும் ஒரு முளை வேண்டும். '3 வேளை' என்பது முளை ஆகாது. அது எப்போது என்று யாருக்கும் தெரியாது. நாள் தவறாமல் நடக்கிற, நம் விருப்பத்தைக் கேட்காமலே நடக்கிற ஒரு வேலையோடு பயிற்சியைக் கட்ட வேண்டும். 'இன்னது முடிந்ததும் இன்னதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே சொல்லி வைத்துக்கொள்பவர்கள், 'இனிமேல் செய்வேன்' என்று பொதுவாக உறுதி எடுப்பவர்களைவிட அதிகமாகச் செய்து முடிக்கிறார்கள் என்பதை ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களிலேயே விரிவாக எழுதியிருக்கிறார். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் உடனிருந்தவர்களும் 96 பேரைக் கொண்டு நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிக் கட்டப்பட்ட ஒரு செயல் யோசிக்காமலே செய்யும் பழக்கமாக மாற நடுவாக 66 நாட்கள் ஆயின. சிலருக்கு 18 நாட்களே போதும். சிலருக்கு 254 நாட்கள்வரை ஆகலாம் என்று கணிக்கப்பட்டது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பழக்கம் கெட்டுவிடவில்லை என்பதுதான் அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு.

எங்கள் பக்கத்து வீடுகளில் முளைகளுக்குப் பஞ்சமில்லை. பால் சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வந்து டீ குடிக்க உட்காரும் நேரம் ஒன்று. களிக்கு உலை வைத்து நீர் கொதிக்கும்வரை அடுப்பருகே நிற்கும் நேரம் இன்னொன்று. இரவு சீரியல் ஓடும் நேரம் மூன்றாவது. குழாயில் தண்ணீர் விடும் நேரத்தை மட்டும் முளையாக்க வேண்டாம். அது எப்போது வரும் என்பது தண்ணீர் திறந்துவிடுபவருக்கே வெளிச்சம். அதேபோல விடியற்காலை என்பதும் எல்லா ஊருக்கும் பொருந்தாது. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மார்கழிக் குளிரில் மூட்டு மிகவும் விறைத்திருக்கும் பொழுது அது. அப்போது தொடங்கி, வலித்து, விட்டுவிடுவதைவிட வெயில் ஏறிய பிறகு திண்ணையில் செய்வது நல்லது.

முளையில் கட்டும் பயிற்சியும் சிறியதாக இருக்க வேண்டும். பெரியம்மாவின் தாளில் இருந்த ஆறை மூன்றாக்கினோம். டீக்குப் பிறகு, நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருதல் எட்டு முறை. உலை கொதிக்கும்போது மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்திப் பாதத்தின் முன்பகுதியில் நின்று இறங்குதல் பத்து முறை. சீரியலின்போது நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒரு காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை பிடித்து இறக்குதல், காலுக்குப் பத்து. இந்தக் கடைசிப் பயிற்சி தாளில் வேறு மாதிரி இருந்தது. மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி, மற்றொன்றை ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கி நிறுத்த வேண்டும் என்று படம் போட்டிருந்தார்கள். நல்ல பயிற்சிதான். ஆனால் ஒரே அறை கொண்ட வீட்டில், மருமகனும் பேரனும் நடமாடும் இடத்தில், புடவை கட்டிய அறுபது வயதுப் பெண் படுத்துக்கொண்டு காலைத் தூக்க மாட்டார். அதை அவர் மருத்துவரிடம் சொல்லவும் மாட்டார். 'செய்யறேங்க' என்று மட்டும் சொல்லிவிட்டு வருவார். சொல்லப்படாத இந்தக் கூச்சத்தினால் கைவிடப்பட்ட பயிற்சிகளின் எண்ணிக்கை பெரிது என்றே நினைக்கிறேன்.

நாற்காலியிலும் கவனம் வேண்டும். எல்லா வீட்டிலும் இருக்கும் பிளாஸ்டிக் நாற்காலி வழுவழுப்பான டைல்ஸ் தரையில் எழும்போது பின்னால் நகரும். முதல் நாளே அது நகர்ந்து, பெரியம்மா கதவைப் பிடித்துத் தப்பினார். பிறகு அதைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, இருக்கையின்மேல் மடித்த ஜமுக்காளம் வைத்து உயரத்தைக் கூட்டினோம். இருக்கை உயர உயர எழுவது எளிது. கால் பலம் கூடியதும் மடிப்பு மடிப்பாக ஜமுக்காளத்தைக் குறைக்கலாம். கயிற்றுக் கட்டிலில் இதைச் செய்ய முடியாது, உள்ளே அமுங்கும்.

பயிற்சியைப் பாதியில் விடுபவர்களில் பலர் விடுவது முதல் இரண்டு வாரத்தில், வலி கூடிய மறுநாள். இந்த நாளுக்கான விதியை முன்கூட்டியே சொல்லிக்கொடுக்காமல் தாளை மட்டும் கொடுத்து அனுப்புவது பெரிய குறை. செய்யும்போது தாங்கக்கூடிய அளவுக்கு வலித்தால் பரவாயில்லை, அது மூட்டு கெடுவதன் அடையாளமன்று. பயிற்சி முடிந்து இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் தொடங்கும்முன் இருந்ததைவிட வலி கூடுதலாக இருந்தாலோ, மறுநாள் காலைவரை நீடித்தாலோ, அடுத்த முறை எண்ணிக்கையைப் பாதியாக்க வேண்டும். பாதியாக்க வேண்டுமே தவிர நிறுத்தக் கூடாது. எட்டு முறை முடியாத நாளில் மூன்று முறை எழுந்து உட்கார்ந்தாலும் முளை பிடுங்கப்படாமல் இருக்கும். இதற்கு விலக்கு உண்டு: மூட்டு சிவந்து சூடாகி வீங்கினால், காய்ச்சல் சேர்ந்தால், கால் மடங்கிய நிலையிலேயே பூட்டிக்கொண்டால், கால் ஊன்றவே முடியாமல் போனால் பயிற்சியை ஒத்திவைத்து மருத்துவரைப் பார்ப்பதே முறை.

இன்னொரு சிக்கல், ஊசியோடு போட்டி. டவுனில் ஓர் ஊசி போட்டுக்கொண்டால் மாலையே நடை லேசாகிவிடுகிறது. பயிற்சியின் பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரமாகும். அதுவும் வலி குறைவதாகத் தெரிவதற்கு முன்னால் பலம் கூடுவதாகவே தெரியும். ஆனால் யாரும் பலத்தைக் கவனிப்பதில்லை, வலியையே கவனிக்கிறார்கள். வளர்ச்சி கண்ணுக்குத் தெரியாத இந்த இடைவெளியில் கண்ணுக்குத் தெரியும் ஓர் அளவு தேவை. இயன்முறை மருத்துவர்கள் பயன்படுத்தும் எளிய சோதனை ஒன்று இருக்கிறது: 30 நொடிகளில் கைகளை மார்பின் குறுக்கே வைத்துக்கொண்டு எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுவது. பேரனிடம் செல்போனைக் கொடுத்தால் நேரம் பார்க்கும் வேலையை மகிழ்ச்சியோடு செய்வான். பெரியம்மாவுக்கு முதல் முறை 6 வந்தது. ஏழாவது வாரத்தில் 9. அந்த எண்ணைத் தினசரிக் காலண்டரின் அட்டையில் எழுதிவைத்தார். அவருக்கு எண்ணைவிடப் பெரிதாகத் தோன்றியது டவுன் பஸ்ஸின் முதல் படி. பெண்களுக்குக் கட்டணமில்லை என்றாலும், அந்தப் படி உயரம் என்பதாலேயே பாலக்கோட்டுச் சந்தைக்குப் போவதை நிறுத்தியிருந்தார். 'முழங்கால் வலியைக் குறைப்பது' என்பதைவிட 'பின்னால் இருப்பவர் தள்ளாமல் பஸ் ஏறுவது' என்பது தெளிவான இலக்கு. எந்த இலக்கு என்பதை வலி உள்ளவரே சொல்ல வேண்டும். சிலருக்கு அது தீர்த்தமலைப் படிக்கட்டாக இருக்கலாம், சிலருக்குக் கழிப்பறையில் சுவரைப் பிடிக்காமல் எழுவதாக இருக்கலாம்.

வீட்டாரின் பங்கு இரு பக்கமும் வெட்டும். "அத்தை, நீங்க உட்காருங்க, நான் பாத்துக்கறேன்" என்று ஒவ்வொரு வேலையையும் கையிலிருந்து வாங்கிக்கொள்ளும் மருமகளின் அன்பு, ஆறு மாதத்தில் ஒருவரைக் கட்டிலோடு சேர்த்துவிடக்கூடியது. 'இந்த வயசுல எக்சர்சைஸா' என்று சிரிக்கும் அக்கம்பக்கத்தாரின் கேலி வேறு. ஓசூரிலும் பெங்களூரிலும் வேலைக்குப் போய்விட்ட பிள்ளைகள் தினமும் போன் செய்கிறார்கள். 'மாத்திரை போட்டீங்களாம்மா' என்று கேட்பவர்கள், 'இன்னைக்கு எத்தனை தடவை எழுந்தீங்க' என்றும் கேட்டால் போதும். கேட்பார்கள் என்று தெரிந்திருப்பதே செய்ய வைக்கும்.

டென்மார்க்கில் 2013இல் தொடங்கிய ஒரு திட்டத்தில், நோயைப் பற்றிய இரண்டு மூன்று வகுப்புகளும், ஆறு வாரத்தில் 12 முறை கூட்டாகச் செய்யும் மேற்பார்வைப் பயிற்சியும் தருகிறார்கள். அது பல நாடுகளுக்கும் பரவியிருக்கிறது. நம்மிடம் அந்த வடிவத்தை அப்படியே நடத்துவது கடினம். பென்னாகரம் மலையோரத்திலிருந்து தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வாரம் இருமுறை வந்துபோக வேண்டுமென்றால் அத்தனை நாட்களின் கூலியும் போய்விடும். ஆனால் வீட்டுக்கே வரும் ஏற்பாடு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்தது கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். ரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரைகளை வீட்டில் கொண்டுவந்து தருவதோடு, தேவைப்படுவோருக்கு இயன்முறைச் சிகிச்சையும் அதில் அடக்கம். படுக்கையில் கிடப்பவர்களுக்கே இயன்முறை மருத்துவரின் நேரம் போய்விடும். நடமாடிக்கொண்டிருக்கும் முழங்கால் வலிக்காரரிடம் அவர் அடிக்கடி வர இயலாது. மாதந்தோறும் மாத்திரையோடு வருகிற சுகாதாரத் தன்னார்வலரோ பெரும்பாலும் அந்தப் பகுதியின் மகளிர் குழுவைச் சேர்ந்தவர், வீட்டாருக்குத் தெரிந்தவர். பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தவர் சில வாரம் கழித்து மீண்டும் பார்த்து, திருத்தி, எண்ணிக்கையைக் கூட்டிக்கொடுத்தால் தொடர்வது அதிகமாகிறது என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. அந்த மறுசந்திப்பை முழுமையாகத் தர முடியாவிட்டாலும், பிரஷர் பார்க்கும் நேரத்தில் 30 நொடி எண்ணிக்கையையும் எடுத்து அட்டையில் குறிப்பது புதிய ஆளோ புதிய கருவியோ கேட்காது.

நடையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 2023 நவம்பரில் தொடங்கிய நடப்போம் நலம் பெறுவோம் திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கிலோமீட்டர் நடைபாதைகள் அமைக்கப்பட்டன. அவை நல்லவை, ஆனால் முழங்கால் வலிக்காரருக்கு 8 கிலோமீட்டர் என்ற எண்ணே மிரட்சி தரும். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குச் சொல்லும் 150 நிமிடங்களைப் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து, கோயில்வரை போய்த் திரும்புவதாக வைத்துக்கொண்டாலும் கணக்கில் சேரும். எடை கூடியவர்களுக்கு நடையோடு உணவிலும் கவனம் சேர்ந்தால் இரட்டைப் பலன்: ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என்று 2005இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது.

இதுவரை சொன்னது தேய்மானத்துக்கு. கைவிரல் கணுக்களும் மணிக்கட்டும் இரு பக்கமும் வீங்கி, காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு நீடிப்பது முடக்குவாதமாக இருக்கலாம். அங்கே நோயைக் கட்டுப்படுத்தும் மருந்துதான் முதலில். பயிற்சி அதற்கு மாற்றாகாது. நோய் சீறும் நாட்களில் மூட்டை மெதுவாக அதன் எல்லைவரை அசைத்துவிட்டால் போதும். அடங்கிய பிறகு பலம் கூட்டும் பயிற்சிக்குத் திரும்பலாம்.

விடுபடும் காலங்களையும் திட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும். தையிலிருந்து சித்திரைவரை புளி, சித்திரையிலிருந்து ஆடிவரை மாங்காய், நடுவில் கல்யாணங்கள், ஊர்த் திருவிழா. இவற்றில் எதிலும் மூன்று பயிற்சியும் நடக்காது. அப்போது ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வது, அதுவும் முடியாமல் போனால் எந்த நாளில் மீண்டும் தொடங்குவது என்று முன்பே பேசிக்கொள்வது, தொடங்கும்போது விட்ட எண்ணிக்கையில் பாதியிலிருந்து தொடங்குவது. பயிற்சி செய்த நாளுக்கு ஒரு கோடு என்று குறிக்கும் பெரியம்மாவின் காலண்டரில் இந்த ஆண்டு மாசியில் பதினேழு நாள் கோடு இல்லை. பதினெட்டாம் நாள் ஒரு கோடு இருக்கிறது. பக்கத்தில், எட்டுக்குப் பதிலாக, 4 என்று எழுதியிருக்கிறார்.